இலத்திரனியல் கழிவு: சட்டம் உண்டு, செலவுக்குப் பொறுப்பாளி யார்?

எமது வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டை ஒருமுறை திறந்து பார்த்தால், பாவனைக்கு உதவாத இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளும் அறுந்துபோன மின்னேற்றிகளும் பேசாது போன ஒரு வானொலிப் பெட்டியும் தென்படும். கொல்லைப்புறக் கொட்டிலில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியொன்று தூசு படிந்து கிடக்கும். இவற்றை என்ன செய்வதென்று எவருக்கும் தெரிவதில்லை. எறிந்துவிட மனம் வருவதில்லை, வைத்திருப்பதாலும் பயனில்லை. ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவர் படலையடியில் வந்து குரல் கொடுக்கும்போது, எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சில நூறு ரூபாவைப் பெற்றுக்கொள்கின்றோம். அத்துடன் அப்பொருட்கள் எமது கண்ணிலிருந்து மட்டுமன்றிக் கருத்திலிருந்தும் மறைந்துவிடுகின்றன.

படலையைத் தாண்டிச் சென்ற பின்னர் அவற்றுக்கு என்ன நேர்கின்றது? அவற்றிலுள்ள நஞ்சு எவருடைய காற்றில், எவருடைய கிணற்றில் கலக்கின்றது? அதனைத் தடுப்பதற்கு ஆகும் செலவு யாரைச் சார்ந்தது? இவற்றுள் இறுதிக் கேள்வியே மிக முக்கியமானது. ஏனெனில், இலத்திரனியல் கழிவு பற்றிய சட்டங்கள் எமது நாட்டில் இல்லாமல் இல்லை. அச்சட்டங்களை நடைமுறைப்படுத்த ஆகும் செலவை யார் ஏற்பது என்பதுதான் தெளிவாக வரையறுக்கப்படாமல் இருக்கின்றது. ஏனைய அரசுகள் இக்கேள்விக்கு எவ்வாறு விடை கண்டன என்பதையும் எமக்குப் பொருத்தமான விடை எதுவாக இருக்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

பழைய பொருளைப் பேணுவது எமக்குப் புதிய பழக்கமன்று. 1990 களில் வடபகுதி பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது, தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் மின்கலங்களும் அடங்கியிருந்தன. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னமும் எம்மிடையே வாழ்கின்றது. அன்று ஒரு செப்புக் கம்பித் துண்டும் வீணாக எறியப்படவில்லை. இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. நாட்டின் கைத்தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கை மக்கள்தொகையையும் விஞ்சிவிட்டது. பொருள் பெருகிய வேகத்தில் அதனைக் கழிக்கும் ஒழுங்கு வளரவில்லை.

பெட்டிக்குள் இருப்பவை

ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிறுவனங்கள் 2024 இல் வெளியிட்ட உலக இலத்திரனியல் கழிவு அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 62 மில்லியன் தொன் இலத்திரனியல் கழிவு உருவானது. ஆளுக்கு 7.8 கிலோ என்பது இதன் சராசரிக் கணக்கு. இதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதம் மட்டுமே. இந்தப் போக்கு மாறாவிடின் 2030 இல் கழிவின் அளவு 82 மில்லியன் தொன்னை எட்டும் என அவ்வறிக்கை எச்சரிக்கின்றது.

இக்கழிவை ஏனைய குப்பையிலிருந்து வேறுபடுத்துவது அதன் இரட்டை இயல்பாகும். அது ஒரே வேளையில் செல்வமாகவும் நஞ்சாகவும் இருக்கின்றது. ஒரு தொன் தங்கத் தாதிலிருந்து சில கிராம் தங்கமே கிடைக்கும். ஒரு தொன் பழைய கைத்தொலைபேசிகளிலோ அது சில நூறு கிராமை எட்டக்கூடும். ஜப்பான் 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை நாடெங்கும் பழைய சாதனங்களைச் சேகரித்து, அவற்றிலிருந்து பிரித்தெடுத்த ஏறத்தாழ 32 கிலோ தங்கத்தையும் 3,500 கிலோ வெள்ளியையும் 2,200 கிலோ வெண்கலத்தையும் கொண்டு டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிக்கான பதக்கங்களைத் தயாரித்தமை பலருக்கு நினைவிருக்கும்.

மறுபுறத்தில், பழைய குழாய்த் திரைத் தொலைக்காட்சியின் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம் உண்டு. குழல் விளக்குகளிலும் சிக்கன மின்குமிழ்களிலும் பாதரசம் இருக்கின்றது. சிலவகை மின்கலங்களில் கட்மியம் உண்டு. கணினியின் வெளிக்கூட்டில் தீப்பிடியாமல் இருப்பதற்கென புரோமீன் சேர்மங்கள் கலக்கப்பட்டிருக்கும். பழைய குளிர்சாதனப் பெட்டியை வெட்டும்போது வெளியேறும் வாயுக்கள் ஓசோன் படலத்தையும் காலநிலையையும் பாதிக்கின்றன. பாவனையில் உள்ளபோது இவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. உடைக்கும்போதும் எரிக்கும்போதும் அமிலத்தில் கரைக்கும்போதுமே நஞ்சு வெளிப்படுகின்றது.

பழைய இரும்பு வியாபாரிக்கு வேண்டியவை இரும்பும் செம்பும் அலுமினியமுமே. மின்வடத்திலிருந்து செம்பைப் பிரிக்க மிக மலிவான வழி, மேலுறையை எரித்துவிடுவதாகும். அந்த மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்ரிக்கினால் ஆனது. அதனைத் திறந்த வெளியில் எரிக்கும்போது டயொக்சின் என்னும் கொடிய நச்சுப் பொருட்கள் உருவாகின்றன. செம்பின் அருகாமை அதனை மேலும் ஊக்குவிக்கின்றது. செம்பைக் கழற்றியபின் எஞ்சும் ஈயக் கண்ணாடியை எவரும் விலைகொடுத்து வாங்குவதில்லை. அது ஒழுங்கையோரத்திலோ வெற்றுக்காணியிலோ குப்பை மேட்டிலோ எறியப்படுகின்றது.

இதன் விளைவு எத்தகையதாக இருக்கக்கூடும் என்பதற்கு ஆபிரிக்காவில் நிகழ்ந்த ஒரு துயரம் சான்றாகும். செனகல் நாட்டின் தலைநகரான டக்காரின் புறநகர்ப் பகுதியொன்றில் பழைய வாகன மின்கலங்களை உடைத்து ஈயம் எடுக்கும் தொழில் பல ஆண்டுகளாக நடந்துவந்தது. ஈயத்தின் விலை உயர்ந்தபோது, அப்பகுதிப் பெண்கள் மண்ணையும் சலித்து அதில் கலந்திருந்த ஈயத்தைச் சேகரிக்கலாயினர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையான காலத்தில் அங்கு 18 சிறுவர்கள் உயிரிழந்தனர். அவர்களின் உடன்பிறப்புகளையும் தாய்மாரையும் பரிசோதித்தபோது, அவர்களது இரத்தத்தில் ஈயம் மிக உயர்ந்த அளவில் கலந்திருந்தமை தெரியவந்தது. உட்கொள்ளப்படும் ஈயத்தை வளர்ந்தவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறுவரின் உடல் உறிஞ்சிக்கொள்கின்றது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களது மூளை வளர்ச்சியை அது நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது.

யாழ். குடாநாட்டவராகிய எமக்கு இதில் மேலதிகமான ஓர் அச்சமும் உண்டு. வற்றாத ஆறு எதுவுமற்ற எமது மண்ணில் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் கிணறே கதி. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக மேலே கொட்டுவது விரைவில் கீழே இறங்கிவிடும். சுன்னாகம் மின் நிலையச் சூழலில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம், பல ஆண்டுகால இழுபறியின் பின்னர் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை நாம் அறிவோம். எண்ணெய் நீரின் மேல் மிதந்தமையால் கண்ணுக்குத் தெரிந்தது, மணமும் வீசியது. ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் நிறமுமில்லை, மணமுமில்லை. அவை கலந்த நீரை ஆண்டுக்கணக்கில் அறியாமலே அருந்திக்கொண்டிருக்கலாம்.

சட்டமும் நடைமுறையும்

இலங்கையின் தேசிய சுற்றாடல் சட்டம் 1980 இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1981 இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை உருவானது. அபாயகரமான கழிவுகளை நாடுகளுக்கிடையே கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையில் இலங்கை 1992 இல் இணைந்துகொண்டது. 2008 பெப்ரவரி முதலாம் திகதிய விசேட வர்த்தமானி மூலம் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் களஞ்சியப்படுத்தவும் மீள்சுழற்சி செய்யவும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தன. இலத்திரனியல் கழிவும் அந்த அட்டவணையில் அடங்கும். 2010 இல் அதிகார சபை, தொலைத்தொடர்பு, கணினி, வீட்டு மின்சாதனத் துறைகளைச் சேர்ந்த நிறுவனங்களுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்து சேகரிப்பு நிலையங்களைத் திறக்க வழிசெய்தது. 2020 ஒக்டோபரில் தபால் திணைக்களத்தின் உதவியுடன் தபாலகங்களில் பழைய சாதனங்கள் ஒரு வார காலம் பொறுப்பேற்கப்பட்டன.

பேசல் உடன்படிக்கை வெறும் காகிதமன்று என்பதையும் நாம் கண்டோம். மெத்தைகளும் தரைவிரிப்புகளும் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மருத்துவக் கழிவும் கலந்திருந்ததாகக் கூறப்பட்ட 263 கொள்கலன்கள் தொடர்பான விவகாரம் 2019 இல் வெளிவந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்ற அப்பிரச்சினையின் முடிவில் அவை திருப்பி அனுப்பப்பட்டன. இறுதித் தொகுதி 2022 பெப்ரவரியில் கொழும்புத் துறைமுகத்தை விட்டு நீங்கியது. வெளியிலிருந்து வரும் குப்பையைத் தடுக்க அரசினால் முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால் உள்ளே உருவாகும் கழிவின் கதை வேறு. அங்கே மூன்று இடங்களில் இடைவெளி தென்படுகின்றது.

முதலாவது, உள்ளூராட்சி மன்றங்களின் நிலை. மாநகர சபைக் கட்டளைச் சட்டமும் நகர சபைக் கட்டளைச் சட்டமும் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தத்தம் எல்லைக்குள் சேரும் குப்பையை அகற்றும் கடமையை அம்மன்றங்கள் மீதே சுமத்துகின்றன. சேகரித்த குப்பை மன்றத்தின் சொத்து என்பதே சட்டம். ஆயினும் இலத்திரனியல் கழிவைக் கையாளுவதற்குத் தனியான அனுமதியும் களஞ்சியமும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். கடமை ஓரிடத்திலும் வசதி வேறோரிடத்திலும் இருப்பதனால், தொலைக்காட்சிப் பெட்டியும் வாழையிலையும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஒரே மேட்டில் கொட்டப்படும் நிலை உருவாகின்றது.

இரண்டாவது, விலை. அனுமதி பெற்ற மீள்சுழற்சியாளர் காற்று வடிகட்டிக்கும் தொழிலாளரின் கையுறைக்கும் கப்பல் கட்டணத்துக்கும் செலவிட வேண்டியவர். எமது நாட்டில் சுற்றுப்பலகைகளிலிருந்து பொன்னைப் பிரித்தெடுக்கும் உருக்காலை வசதி இல்லாமையால், அவர் பிரித்தெடுத்த பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டியுள்ளது. 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, அபாயகரமானதோ அல்லவோ, எல்லா இலத்திரனியல் கழிவையும் ஏற்றுமதி செய்ய இறக்குமதி நாட்டின் முற்கூட்டிய சம்மதம் தேவை எனப் பேசல் விதி இறுக்கப்பட்டுள்ளது. இது நல்ல விதியே. ஆயினும் முறையாகத் தொழில் செய்பவரின் காலத்தையும் செலவையும் இது கூட்டுகின்றது. இச்செலவுகள் எதுவுமின்றி வெற்றுக்காணியில் வடத்தை எரிப்பவர் எப்போதும் கூடிய விலை கொடுக்க வல்லவராக இருப்பார். கூடிய விலை கொடுப்பவரிடமே பொருள் போய்ச்சேரும் என்பது சந்தையின் நியதி. சட்டத்தைவிட விலை வலியது என்பதே இங்குள்ள உண்மையாகும்.

மூன்றாவது, அரசின் சொந்த நடைமுறை. அரச அலுவலகங்களில் பாவனைக்கு உதவாதவை எனக் குறிக்கப்படும் தளபாடங்களையும் கருவிகளையும் ஏலத்தில் கூடிய விலை கேட்பவருக்கு விற்பது நெடுநாளைய வழமை. கதிரைக்கும் மேசைக்கும் இது பொருந்தும். கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இதே வழமையைக் கைக்கொண்டால், பாதுகாப்புக்காக மிகக் குறைவாகச் செலவிடுபவரையே அரசு தானாகத் தெரிவுசெய்வதாக முடியும். ஒரு கையால் அனுமதிப்பத்திரம் கோரி, மறு கையால் அனுமதியற்றவரிடம் பொருளை ஒப்படைக்கும் முரண்பாடு இது.

ஏனைய அரசுகள் செய்தவை

உலகில் இதற்கான செலவை வசூலிக்கும் முறைகள் மூன்று வகைப்படும். பொருளை வாங்கும்போது பாவனையாளரிடம் பெறுவது ஒன்று. கழிக்கும்போது அவரிடம் பெறுவது இன்னொன்று. உற்பத்தியாளரே தாங்கவேண்டும் எனச் சட்டம் விதிப்பது மூன்றாவது.

முதல் முறைக்குச் சுவிற்ஸர்லாந்து முன்னோடியாகும். அங்கு 1994 முதல் கணினி போன்ற சாதனங்களின் விற்பனை விலையில் மீள்சுழற்சிக் கட்டணம் முற்கூட்டியே சேர்க்கப்படுகின்றது. 1998 இல் வந்த சட்டம், இவ்வகைப் பொருளை விற்கும் கடைகள் பழையதைத் திருப்பி ஏற்கவேண்டும் என விதித்தது. புதிதாக எதனையும் வாங்காமலே பழையதை இலவசமாகக் கையளிக்கலாம்.

அமெரிக்க மத்திய அரசு இதற்கென ஒரு பொதுச் சட்டத்தை இயற்றவில்லை. பேசல் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட போதிலும் அதனை இன்றுவரை அங்கீகரித்து நிறைவேற்றவுமில்லை. எனவே மாநிலங்களே முன்வரவேண்டியதாயிற்று. கலிபோர்னியா மாநிலம் 2003 இல் சட்டமியற்றி, 2005 ஜனவரி முதல் திரையுள்ள சாதனம் ஒவ்வொன்றையும் வாங்குவோரிடம் திரையின் அளவுக்கேற்ப 6 முதல் 10 டொலர் வரை அறவிட்டது. அந்நிதியிலிருந்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கும் மீள்சுழற்சியாளருக்கும் எடைக்கேற்பப் பணம் வழங்கப்பட்டது. கழிவு வந்து குவிந்தது. ஆனால் எடைக்குப் பணம் என்றதும், அயல் மாநிலக் கழிவும் கலிபோர்னியாவின் கழிவென்று காட்டப்பட்டுப் பணம் பெறப்பட்ட மோசடிகள் வெளிவந்தன. குழாய்த் திரைகள் வழக்கொழிந்தபோது ஈயக் கண்ணாடிக்குச் சந்தையில்லாமற்போய், அது களஞ்சியங்களில் மலைபோற் தேங்கிய நிலையும் ஏற்பட்டது.

இரண்டாவது முறையை ஜப்பான் தெரிவுசெய்தது. 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், வளிச்சீராக்கி ஆகிய நான்கையும் கழிப்பவரே அதற்கான கட்டணத்தைச் செலுத்தவேண்டும். கட்டுப்பாடு மிக்க அச்சமூகத்தில் இது பெருமளவு வெற்றியளித்தது. ஆயினும் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகப் பழைய பெட்டிகளை மலைச் சாரல்களிலும் தெருவோரங்களிலும் கள்ளமாக எறியும் தொல்லை அங்கும் தலைகாட்டியது.

மூன்றாவது முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் நடைமுறைக்கு வந்த பணிப்புரை மூலம் தனது நாடுகள் அனைத்துக்கும் பொதுவாக்கியது. அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2004 இல் இயற்றிய சட்டத்தின்படி, 2006 முதல் உள்ளூராட்சி அமைப்புகள் பழைய தொலைக்காட்சிகளையும் கணினித் திரைகளையும் பொறுப்பேற்று ஒன்றுசேர்ப்பு நிலையங்களுக்கு அனுப்பின. அதன் பின்னரான செலவுக்கு உற்பத்தியாளர்களே பட்டியல் அனுப்பப்பட்டுப் பொறுப்பாக்கப்பட்டனர். எமது அயல் நாடான இந்தியாவில் 2012 மே மாதத்தில் முதலாவது விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தொடக்கத்தில் தமது கழிவின் 60 வீதத்துக்குச் சமமான அளவு மீள்சுழற்சி செய்யப்பட்டமைக்கான சான்றிதழைக் காட்டவேண்டியிருந்தது. இந்த இலக்கு படிப்படியாக 80 வீதமாக உயரும். ஆனாலும் டில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் குடிசைத் தொழிலாகப் பலகைகளை உடைப்போரின் வாழ்க்கை இன்னமும் பெரிதாக மாறிவிடவில்லை. சான்றிதழ் உற்பத்தியாளரையும் ஆலையையும் இணைக்கின்றது; தெருவில் கழிவைச் சேர்ப்பவரை அது தொடுவதில்லை.

இலங்கைக்கு ஏற்ற வழி

இந்த அனுபவங்களைத் தொகுத்து நோக்கும்போது எமக்குச் சில பாடங்கள் புலனாகின்றன.

கழிக்கும்போது கட்டணம் பெறும் ஜப்பானிய முறை எமக்குச் சற்றும் பொருந்தாது. பழைய பொருளை விற்றுப் பணம் பெறுவதே இங்குள்ள வழக்கம். அதற்குப் பணம் கட்டு என்றால் எவரும் கட்டமாட்டார். பொருள் இரவோடிரவாகக் குளக்கரைக்குப் போய்ச்சேரும். உற்பத்தியாளரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைக்கும் முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எமக்கு வரும் கைத்தொலைபேசியினதும் கணினியினதும் உற்பத்தியாளர் கடல் கடந்த நாட்டில் இருக்கின்றார். எமது நீதிமன்றத்தின் அழைப்பாணை அவரை எட்டுவது அரிது. எட்டக்கூடியவர் இறக்குமதியாளரே.

இங்கேதான் ஒரு சிறிய தீவு என்ற வகையில் எமக்கு வாய்ப்பான ஒரு நிலை இருக்கின்றது. எமது சாதனங்களில் பெரும்பாலானவை துறைமுகத்தினூடாகவோ விமான நிலையத்தினூடாகவோ வருகின்றன. சுங்கத் திணைக்களத்தின் பதிவேட்டில் அவை ஒவ்வொன்றும் எண்ணப்படுகின்றன. எனவே கழிவுக்கான கட்டணத்தை அவ்வாசலிலேயே அறவிடலாம். உள்நாட்டில் பொருத்தப்படும் சாதனங்களுக்குத் தொழிற்சாலை வாசலில் அதனைப் பெறலாம். 2010 ஆம் ஆண்டின் உடன்படிக்கைகள் நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பியவை. நல்லெண்ணம் பாராட்டத்தக்கது, ஆனால் பொறுப்பேற்கும் நிறுவனம் செலவைச் சுமக்க, பொறுப்பேற்காத நிறுவனம் மலிவாக விற்று இலாபமீட்டும் நிலை நீடிக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான சட்டக் கடப்பாடே நியாயமானது.

அவ்வாறு சேரும் நிதியின் பெரும்பகுதி பழைய பொருளைக் கொண்டுவந்து ஒப்படைப்பவரின் கைக்குச் செல்லவேண்டும். எரிப்பவர் கொடுக்கும் விலையைவிட அனுமதி பெற்றவர் கொடுக்கும் விலை கூடும்போது, பொலிஸாரின் துரத்தலின்றியே பொருள் உரிய இடத்தை வந்தடையும். குறிப்பாக எவரும் விரும்பாத பொருட்களுக்கு, அதாவது ஈயக் கண்ணாடிக்கும் பாதரச விளக்குக்கும் வீங்கிய லித்தியம் மின்கலத்துக்கும், கூடிய தொகை வழங்கப்படவேண்டும். செம்புக்கு மானியம் தேவையில்லை. அதற்குச் சந்தை இருக்கின்றது. சந்தை கைவிட்ட நஞ்சுக்கே அரசின் கை தேவைப்படுகின்றது.

பழைய இரும்பு வியாபாரியைக் குற்றவாளியாக்குவது இத்திட்டத்தின் நோக்கமாக இருக்கக்கூடாது. ஒழுங்கைகள் தோறும் சென்று வீட்டுப் படலையில் நின்று பொருளைச் சேர்க்கும் வலைப்பின்னலை எந்தத் திணைக்களத்தாலும் ஓரிரவில் உருவாக்கிவிட முடியாது. அது ஏற்கனவே எம்மிடம் இருக்கின்றது. அவரைப் பதிவுசெய்து, அடையாள அட்டையும் அடிப்படைப் பயிற்சியும் கொடுத்து, எரிக்காமலும் உடைக்காமலும் முழுமையாகக் கொண்டுவரும் பொருளுக்கு நல்ல விலை கொடுத்தால், அவரே இத்திட்டத்தின் முதுகெலும்பாக விளங்குவார். கழிவு பிரிப்பும் அடங்கிய முறைசாராத் தொழில்களில் உலகெங்கும் 18 மில்லியனுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் ஈடுபட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சுட்டிக்காட்டியது. பதிவும் நியாயமான விலையும் இத்தகைய தொழிலிலிருந்து பிள்ளைகளை விலக்கவும் உதவும்.

உள்ளூராட்சி மன்றங்களுக்கு மெயின் மாநிலத்தின் முறை வழிகாட்டியாகலாம். பிரதேச சபை உடைக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம். மழை படாத கூரையும் சீமெந்துத் தரையும் பூட்டும் கொண்ட ஒரு களஞ்சியம் போதும். மாதமொருமுறை அனுமதி பெற்றவரின் வாகனம் வந்து எடுத்துச்செல்லும் செலவை நிதியம் ஏற்கவேண்டும். 2020 இல் தபாலகங்கள் காட்டிய வழியை ஒரு வாரச் சடங்காக விட்டுவிடாமல், சிறிய பொருட்களுக்கான நிரந்தரச் சேவையாக்கலாம். தபாலகம் இல்லாத கிராமம் அரிது.

அரசு தன்னிலிருந்தே தொடங்குதல் இன்னும் சிறப்பு. அரச அலுவலகங்கள், பாடசாலைகள், வைத்தியசாலைகள் ஆகியவற்றின் பழைய கணினிகளை ஏலத்திலிருந்து விலக்கி, அனுமதி பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரு கண்டிப்பான சுற்றறிக்கைக்குப் பாராளுமன்ற விவாதம் தேவையில்லை. புதிய நிதியும் தேவையில்லை.

எழக்கூடிய ஐயங்கள்

இதனால் பொருட்களின் விலை ஏறாதா என்ற கேள்வி எழலாம். சிறிதளவு ஏறும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றும் அச்செலவு இல்லாமற் போய்விடவில்லை. பொருளை வாங்கி அனுபவித்தவர் செலுத்தாத அத்தொகையை, குப்பை மேட்டருகே குடியிருப்பவர் தமது உடல்நலத்தால் செலுத்துகின்றார் என்பதே உண்மை. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் புதையுண்டனர். கணக்கில் எழுதப்படாத செலவை யார் செலுத்துகின்றனர் என்பதை நாடு அன்று நேரிற் கண்டது.

நிதி சேர்ந்தால் அது திறைசேரியின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாதா என்பது இன்னொரு நியாயமான ஐயம். இதற்கெனத் தனி நிதியத்தைச் சட்டத்தால் அமைத்து, வரவையும் செலவையும் சேகரித்த எடையையும் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். கலிபோர்னியாவில் நிகழ்ந்த மோசடியை மனதிற்கொண்டு, பொருள் எங்கிருந்து வந்தது, எங்கு சென்றது என்ற இருமுனைப் பதிவும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அன்பளிப்பாகப் புலம்பெயர்ந்த உறவினர் பயணப் பொதியில் கொண்டுவரும் கைத்தொலைபேசிகள் இக்கட்டணத்துக்குத் தப்பிவிடும் என்பதும் உண்மையே. ஆயினும் கொள்கலன்களில் வருபவற்றுடன் ஒப்பிடுகையில் அது சிறுதொகை. அதனைக் காரணங்காட்டிப் பெருந்தொகையைக் கைவிடுவது அறிவுடைமையாகாது.

இன்னொரு விடயத்தையும் இப்போதே சிந்திக்க வேண்டியுள்ளது. அண்மைய ஆண்டுகளில் எமது கூரைகளில் சூரிய மின்கலத் தகடுகள் பெருகிவருகின்றன. அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அவற்றுடன் பொருத்தப்படும் மின்சேமிப்புக் கலங்களின் ஆயுள் அதிலும் குறைவு. இன்று அவை விற்கப்படும்போது கழிவுக் கட்டணத்தைச் சேர்க்காவிடில், விற்ற நிறுவனங்களில் எத்தனை அன்று எஞ்சியிருக்கும் என எவராலும் உறுதிகூற முடியாது.

மீள்சுழற்சி என்பது இறுதி வழியே என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 2020 இல் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியும் புதிய பொருளை எட்டாக்கனியாக்கியபோது, பழுதுபார்ப்போரின் கடைகளையே நாம் நாடினோம். திருத்திப் பாவிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் கழிவு பிறப்பதை ஓராண்டு தள்ளிப்போடுகின்றது. உதிரிப்பாகங்களின் வரியைக் குறைப்பதும், தொழிற்பயிற்சி நிலையங்களில் பழுதுபார்க்கும் பயிற்சிக்கு முன்னுரிமை அளிப்பதும் இத்திட்டத்தின் பகுதிகளாக அமையவேண்டும்.

அரசு செயற்படும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. அலுமாரியிலுள்ள கைத்தொலைபேசியின் நினைவகத்தை அழித்துவிட்டுச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்கலாம். மின்குமிழையும் மின்கலத்தையும் வீட்டுக் குப்பையுடன் எரிக்காமல் தனியே வைக்கலாம். பழைய இரும்பு வாங்குபவரிடம், இதனை எங்கே கொடுக்கப்போகின்றீர் என ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த ஒரு கேள்வி அவருக்கும் எமக்கும் பலவற்றை உணர்த்தக்கூடும்.

எனினும் தனிமனிதரின் நல்லெண்ணம் ஓர் எல்லைவரையே செல்லும். சட்டம் 2008 இலேயே வந்துவிட்டது. அனுமதி பெற்றவர்களும் இருக்கின்றனர், சேர்ப்பவர்களும் இருக்கின்றனர். இவர்களை இணைக்கும் பணமும் அதற்கான பொறுப்பும் மட்டுமே இல்லை. பொருள் நாட்டுக்குள் நுழையும் வாசலிலேயே அதன் முடிவுக்கான செலவையும் அறவிட்டு, அதனைக் கண்ணியமாகக் கழிப்பவரின் கையில் சேர்ப்பிக்கும் ஒழுங்கை அரசு தாமதமின்றி ஏற்படுத்த வேண்டும். எமது கிணறுகளின் நீர் ஒருமுறை கெட்டுவிட்டால், அதனை மீள்சுழற்சி செய்ய எந்த ஆலையாலும் முடியாது என்பதை உரியவர்கள் உணரவேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.